கிரீன்லாந்து மொழிச் சொல்லைப் பிரிப்பதும் கட்டுவதும் எப்படி

கிரீன்லாந்து மொழியில் தேநீருக்குத் தீ என்று பெயர். தேநீர் குடிக்கிறார் என்பதற்குத் தீதொர்பொக் என்பார்கள்; தேநீர்க் கோப்பைக்குத் தீதொர்ஃபிக் என்பார்கள். இம்மூன்றையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால், -தொர்- என்ற துண்டு குடித்தலையும், -பொக் என்ற துண்டு 'அவர் செய்கிறார்' என்பதையும், -ஃபிக் என்ற துண்டு இடத்தையும் குறிப்பது தெரியவரும். தேயிலை நடுவே பிறந்து வளர்ந்த எனக்கு அம்மொழியின் கதவைத் திறந்துவிட்டவை இந்த மூன்று சொற்கள்தாம். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில், சாதாரண தரம் வரை தமிழ் இலக்கணம் படித்த எவரும் இச்சொற்களைப் பிரிக்கவும் கட்டவும் எப்படிப் பழகலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மொழியைப் பற்றிச் சில வார்த்தைகள். ஏறக்குறைய 57,000 மக்கள் வாழும் கிரீன்லாந்தில், 2009ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் திகதி சுயாட்சி நடைமுறைக்கு வந்தது முதல் இதுவே ஒரே அரசகரும மொழி. அம்மக்கள் தம்மைக் கலால்லித் என்றும், தம் மொழியைக் கலால்லிஸுத் என்றும் அழைக்கிறார்கள். மொழியின் பெயரிலேயே ஓர் ஒட்டு இருக்கிறது: -ஸுத் என்றால் 'போல', ஆகவே 'கலால்லித் மக்களைப் போல' பேசுவதுதான் கலால்லிஸுத். அதன் அமைப்பை முதன்முதலில் அதன் இயல்பிலேயே விளக்கியவர், கிரீன்லாந்தில் பிறந்த மொரேவியச் சபை என்ற கிறிஸ்தவ சபையின் போதகர் சாமுவேல் கிளைன்ஷ்மிட் ஆவார். அவருடைய இலக்கண நூல் 1851இல் வெளிவந்தது. இன்று வழங்கும் எழுத்துமுறை 1973ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் வந்தது.

அவர்கள் எழுதுவது உரோம எழுத்தில். நான் தமிழ் எழுத்தில் தருவதால் சில எச்சரிக்கைகள் வேண்டும். சொல்லின் நடுவே தனித்து வரும் வல்லினத்தை நம் வழக்கப்படி மெலித்துவிடாமல், தீதொர்பொக் என்பதில் வரும் தகரத்தைப் 'பத்து' என்பதில் உள்ளதுபோல் வன்மையாகவே ஒலிக்க வேண்டும். அவர்களிடம் இரண்டு ககரங்கள் உண்டு: ஒன்று நம்முடையது, மற்றது உள்நாக்கை ஒட்டித் தொண்டையின் அடியில் பிறப்பது. நான் இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதி, வேறுபாடு தேவைப்படும் இடத்தில் 'அடிக்ககரம்' என்று குறிப்பிடுவேன். ரகரமும் அவர்களுக்குத் தொண்டையில்தான் பிறக்கிறது. இன்னொன்று: ங, ஙி, ஙு என்ற எழுத்துகளை நாம் நெடுங்கணக்கில் ஒப்பித்ததோடு சரி, இந்த மொழியில் அவ்வரிசைக்கு நாள்தோறும் வேலை இருக்கிறது. புங என்று எழுதியிருந்தால் அதைப் 'புங்' என்று நிறுத்தாமல், ஙகரத்தில் உள்ள அகரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனிச் சொல்லின் கட்டுமானத்துக்கு வருவோம். ஒவ்வொரு சொல்லும் ஒரு வேரில் தொடங்குகிறது. வேருக்குப் பின் ஒட்டுகள் வருகின்றன. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், ஐந்தாறும் வரலாம். அவற்றுக்குப் பின் விகுதி வந்து சொல்லை முடிக்கிறது. பெயராயின் அவ்விகுதி எண்ணையும் வேற்றுமையையும் காட்டும், வினையாயின் யார் செய்வது என்பதையும் கூற்றா வினாவா என்பதையும் காட்டும். முன்னொட்டு என்று சொல்லத்தக்கது சுட்டுச் சொற்களோடு வரும் 'த' ஒன்றுதான். ஆகவே சொல் நீள்வதெல்லாம் வலப்பக்கமாகவே நீள்கிறது. இதுவரையில் தமிழருக்கு வியப்பதற்கு எதுவுமில்லை. 'பறிக்கவைத்துக்கொண்டிருந்தார்களாம்' என்று பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் நின்று ஒரே மூச்சில் சொல்லும் நமக்கு, நீண்ட சொல்லைப் பார்த்து மிரளும் உரிமை இல்லை.

வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. தமிழில் ஒட்டுகள் பெரும்பாலும் காலம், இடம், எண், வேற்றுமை போன்றவற்றையே சுமக்கின்றன. குடித்தல், கட்டுதல், உடைமை, விருப்பம் ஆகியவற்றுக்குத் தனிச்சொற்கள் இருக்கின்றன. கிரீன்லாந்து மொழியிலோ இத்தகைய முழுப் பொருள்களையே நூற்றுக்கணக்கான ஒட்டுகள் ஏற்று நிற்கின்றன. -தொர்- என்பதைத் தனியே உச்சரித்தால் அது சொல்லே அல்ல. எதைக் குடிப்பது என்று சொல்லாமல் 'குடி' என்று மட்டும் சொல்ல வேண்டுமாயின் இமெர்பொக் என்ற வேறொரு வினையைத் தேட வேண்டும். உடைமையைக் குறிக்கும் -கர்- என்ற ஒட்டுக்கும் இதே நிலைதான். அது ஏறி அமர ஒரு பெயர் கட்டாயம் தேவை. பெயர் எதுவும் கைவசம் இல்லாதபோது 'பி' என்ற பொருளற்ற வெற்று வேர் ஒன்றை முன்னால் வைத்துப் பெகர்பொக், அதாவது 'இருக்கிறது' என்று முடிக்கிறார்கள். வேர் இல்லாத ஒட்டு, கைப்பிடி இல்லாத கத்தியைப் போன்றது.

எனவே ஓர் ஒட்டைக் கற்கும்போது அதன் பொருளை மட்டும் மனனம் செய்வது போதாது. மூன்று கேள்விகளைக் கேட்டு விடைகளோடு சேர்த்துக் கற்க வேண்டும்: அது எதன்மீது அமர்கிறது, அமர்ந்தபின் என்னவாக மாற்றுகிறது, அமரும் இடத்தில் ஒலி என்ன ஆகிறது. பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தை வெட்டிச் சீட்டுகள் செய்துகொண்டேன். ஒவ்வொரு சீட்டின் இடது ஓரத்தில், அந்த ஒட்டு பெயரை ஏற்குமாயின் நீலக்கோடு, வினையை ஏற்குமாயின் சிவப்புக்கோடு. வலது ஓரத்தில், அது தருவது பெயரா வினையா என்பதற்கு அதே நிறங்கள். -கர்- சீட்டுக்கு இடது நீலம், வலது சிவப்பு. -ஃபிக் சீட்டுக்கு இடது சிவப்பு, வலது நீலம். பெரியது என்று பொருள்படும் -ர்ஸுவக் சீட்டுக்கு இருபுறமும் நீலம். விருப்பத்தைக் குறிக்கும் -ருஸுப்- சீட்டுக்கு இருபுறமும் சிவப்பு. மேசைமேல் சீட்டுகளை அடுக்கும்போது ஒன்றன் வலது நிறமும் அடுத்ததன் இடது நிறமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் அந்தச் சொல் நிற்காது.

இல்லு என்ற வேரை வைத்து இதைச் செய்து பார்ப்போம். இல்லு என்றால் வீடு. எந்த வீடானாலும் இல்லுதான், பனிக்கட்டி வீடு மட்டுமன்று. நம் 'இல்' என்ற சொல்லும் தெலுங்கரின் 'இல்லு' என்ற சொல்லும் இங்கே உடனே நினைவுக்கு வரும், எனக்கும் வந்தது. ஆனால் உறவு கொண்டாட இடமில்லை. கனடா நாட்டு உறவுமொழிகளில் இச்சொல் இக்லு என்று வழங்குகிறது, உலகம் அறிந்த இக்ளூ அதுவே. அந்தப் பழைய மெய்க்கூட்டம் கிரீன்லாந்தில் லகர இரட்டையாகத் தேய்ந்ததால்தான் இல்லு பிறந்தது. தற்செயல் ஒற்றுமை என்று ஏற்றுக்கொண்டு மேலே செல்வோம்.

இல்லு என்ற பெயரின்மேல் -கர்- அமர்ந்து, -பொக் விகுதி பெற்றால் இல்லொகர்பொக்: 'அவருக்கு வீடு இருக்கிறது'. விகுதியை மாற்றி இல்லொகர்புங என்றால் 'எனக்கு வீடு இருக்கிறது'. விருப்ப ஒட்டைச் சேர்த்து இல்லொகருஸுப்புங என்றால் 'எனக்கென்று ஒரு வீடு இருக்க வேண்டும் என விரும்புகிறேன்'. தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பாகிய லயத்து அறையில் பிறந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சிச் சொல் கிடைப்பது அரிது. மறுப்பு ஒட்டாகிய -ங்ஙித்- சேரும்போது விகுதியே மாறி -பொக் இருந்த இடத்தில் -லக் வருகிறது: இல்லொகங்ஙிலக், 'அவருக்கு வீடு இல்லை', இல்லொகங்ஙிலங, 'எனக்கு வீடு இல்லை'. கட்டுதல், செய்தல் என்ற பொருளில் -லியொர்- ஒட்டினால் இல்லுலியொர்பொக், 'வீடு கட்டுகிறார்'.

இப்போது நிறம் மாறி மாறிச் செல்வதைக் கவனியுங்கள். இல்லு பெயர், இல்லொகர்- வினை, அதன்மேல் -ஃபிக் அமர்ந்து மீண்டும் பெயராகி இல்லொகர்ஃபிக், 'வீடுகள் இருக்கும் இடம்', அதாவது நகரம். அதன்மேல் 'பெரியது' அமர்ந்தால் இல்லொகர்ஃபிஸ்ஸுவக், மாநகரம். அதற்கு ஏழாம் வேற்றுமைக்கு நிகரான -மி சேர்ந்தால் இல்லொகர்ஃபிஸ்ஸுவர்மி, 'மாநகரத்தில்'. பெயரிலிருந்து வினைக்கும் வினையிலிருந்து பெயருக்கும் இப்படி எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம் என்பதே இம்மொழியின் சொல்வளத்துக்கு அடிப்படை. பனிக்கு அவர்களிடம் எத்தனை சொற்கள் உண்டு என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை: விழும் பனித்துகளுக்குக் கனிக், தரையில் கிடக்கும் பனிக்கு அபுத் என வேர்கள் சில, அவற்றின்மீது ஒட்டுகளை அடுக்கினால் கணக்கு முடிவதில்லை.

ஒலி மாற்றங்களில்தான் கற்பவர் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார். ஆனால் தோன்றல், திரிதல், கெடுதல் என்று புணர்ச்சி படித்தவருக்கு இங்கே பாதி வேலை முடிந்துவிட்டது. திரிதல்தான் முதலில் கண்ணில் படும். இம்மொழிக்கு அடிப்படை உயிர்கள் அ, இ, உ மூன்றே. அடிக்ககரத்துக்கோ ரகரத்துக்கோ முன்னால் வரும்போது இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் திரியும். இல்லு இல்லொகர்- ஆனதும், 'உண்' என்று பொருள்படும் நெரிவொக் விருப்ப ஒட்டோடு சேர்ந்து நெரெருஸுப்புங, 'உண்ண விரும்புகிறேன்', ஆனதும் இதனால்தான். மெய்யும் திரியும்: தலைநகர் நூக் என்பதோடு 'அவ்விடத்தவர்' எனப் பொருள்படும் -மியு சேரும்போது ககரம் மகரமாகி நூம்மியு என்றாகும், பலர் என்றால் நூம்மியுத். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடமாவதைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று.

கெடுதலில்தான் கவனம் வேண்டும். சில ஒட்டுகள் வேரின் ஈற்று மெய்யை அப்படியே விட்டு ஒட்டிக்கொள்கின்றன. சில அதைக் கடித்து விழுங்கிவிட்டு அமர்கின்றன. 'படி' என்று பொருள்படும் அதுவர்- என்ற வேரை எடுத்துக்கொள்ளுங்கள். 'முடியும்' என்ற -ஸின்னா- கடிக்காத ஒட்டு: அதுவர்ஸின்னாவொக், 'படிக்க முடியும்'. -ஃபிக் கடிக்காது: அதுவர்ஃபிக், பாடசாலை. மறுப்பு கடிக்கும்: ரகரம் போய் அதுவங்ஙிலக், 'படிப்பதில்லை'. எதிர்காலத்தைக் குறிக்கும் -ஸ்ஸ- ஒட்டும் கடிக்கும்: அதுவஸ்ஸாக், 'படிப்பார்'. எந்த ஒட்டு கடிக்கும், எது கடிக்காது என்பதைப் பொருளை வைத்து ஊகிக்க முடியாது. பல பாடநூல்கள் கூட்டல், கழித்தல் குறிகளால் இதைக் காட்டுவதால், சீட்டின் மூலையிலும் அக்குறியை இட்டுக்கொள்வது நல்லது. தோன்றல் குறைவு, மெய்யில் முடியும் அயல் ஊர்ப்பெயர்களில் ஓர் இகரம் இடையே தோன்றும். 'லண்டனில்' என்பது லண்டனிமி. இதே முறையில் நம் ஊரையும் ஹட்டனிமி என்று சொல்லிப் பழகலாம்.

விகுதியிலும் சிறிய மாற்றம் ஒன்று உண்டு. முன்னால் மெய் இருந்தால் -பொக், -புங. உயிர் இருந்தால் -வொக், -வுங. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஒட்டுகளின் வரிசை பொருளை மாற்றும் என்பது அடுத்த செய்தி. பொதுவிதி எளிது: ஒவ்வோர் ஒட்டும் தனக்கு இடப்பக்கம் உள்ள முழுவதையும் ஒரே பொருளாகக் கொண்டு அதன்மீது வேலை செய்கிறது. தமிழில் 'பெரிய வீடு கட்டுபவர்' என்று எழுதினால் பெரியது வீடா, கட்டுபவரா என்ற ஐயம் எழும். அங்கே எழாது. இல்லொர்ஸுவலியொர்தொக் என்று கட்டினால் 'பெரிய' என்பது வீட்டின்மீது அமர்ந்து, அந்தப் பெரிய வீட்டின்மீது கட்டுதலும் அதன்மீது 'செய்பவர்' என்ற -தொக் ஒட்டும் அமர்கின்றன. இல்லுலியொர்தொர்ஸுவக் என்றாலோ வீடு கட்டுபவர் என்ற முழுவதன்மீதும் 'பெரிய' அமர்கிறது; ஆள் பெரியவர், வீடு எப்படியும் இருக்கலாம்.

பெயர் வினைக்குள் புகுந்தபின் அதன் அடைமொழி வெளியே நின்றுவிடும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கிம்மெக் என்றால் நாய். கிம்மெகர்பொக், 'அவருக்கு நாய் உண்டு'. 'ஒரு நாய் உண்டு' என்றால் அதாத்ஸிமிக் கிம்மெகர்பொக். 'ஒன்று' என்ற சொல் வினைக்குள் நுழைய முடியாமல், நம் மூன்றாம் வேற்றுமையைப் போன்ற -மிக் உருபு பெற்று வெளியே நிற்கிறது.

நீண்ட சொல்லைப் படிக்க நேரும்போது இடமிருந்து வலமாகத் துண்டு துண்டாக ஊகித்துக்கொண்டு போகாதீர்கள், கடைசியிலிருந்து தொடங்குங்கள். முதலில், சொல்லுக்கு வெளியே தொங்கும் இடைச்சொல் ஏதும் உள்ளதா என்று பாருங்கள். 'வந்துவிட்டாராம்' என்பதில் நாம் இறுதியில் சேர்க்கும் 'ஆம்' இருக்கிறதே, அதற்கு நேர் நிகராக அவர்களிடம் -கோக் இருக்கிறது. திகிப்பொக், 'வந்து சேர்ந்தார்'. திகிப்பொரோக், 'வந்து சேர்ந்தாராம்'. அடிக்ககரமும் அடுத்த ககரமும் சேர்ந்து ரகரமாவதால் அது மறைந்து நிற்கும். 'உம்' என்பதற்கு நிகர் -லு: இல்லுலு, 'வீடும்'. சிங்களத்தில் 'ஆவலு' என்றால் வந்தாராம் என்று அறிந்த நம் பிள்ளைகள் இந்த -லுவை 'ஆம்' என்று கொண்டுவிடக்கூடும், அப்படியன்று. இடைச்சொல்லை நீக்கியபின் விகுதியை வெட்டுங்கள். அதன்பின் சொல்லின் முதலுக்குப் போய் வேரைக் கண்டுபிடியுங்கள். இரு முனைகளும் உறுதியான பிறகு நடுவில் உள்ளவற்றைப் பிரிப்பது எளிது.

பிரித்துக் கூட்டிய பொருள் வழக்கில் உள்ள பொருளாகவே இருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. தீதொர்ஃபிக் என்பதைத் 'தேநீர் குடிக்கும் இடம்' என்று சரியாகவே பிரித்த நான், அது தேநீர்க்கடைதான் என்று முடிவுசெய்து, ஹட்டன் பேருந்து நிலையத்தருகே பத்துத் தீதொர்ஃபிக் உண்டு என்று பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். பின்னர் அகராதியைப் பார்த்தபோதுதான் பத்துக் கோப்பைகளைத் தெருவோரம் வரிசையாக அடுக்கியிருப்பது தெரிந்தது. விமானத்துக்குத் திம்மிஸர்தொக், 'வழக்கமாகப் பறப்பது'. விமான நிலையத்துக்கு மித்தர்ஃபிக், 'வழக்கமாகத் தரையிறங்கும் இடம்'. கணினிக்குக் கரஸாஸியக், மூளை என்ற சொல்லிலிருந்து ஆக்கிய 'செயற்கை மூளை'. தந்திக் கருவி வந்தபோது அதற்கு நலுனாரஸுவர்தாத், 'விரைந்து அறிவிக்கும் கருவி', என்று பெயர் வைத்தார்கள். துண்டுகளைக் கொண்டு பொருளை நெருங்கலாம். உறுதிசெய்ய அகராதி வேண்டும். அதேபோல் -தொர்- என்பது தீயோடு தீதொர்பொக் ஆக, கஃப்பியோடு -ஸொர்- ஆகிக் கஃப்பிஸொர்பொக் ஆகிறது. இத்தகையவற்றைச் சொல்லோடு சேர்த்தே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கட்டுவதற்கு உரையாடலே நல்ல பயிற்சி. தீதொருஸுப்பித்? என்றால் 'தேநீர் குடிக்க விரும்புகிறாயா?' வேர், குடித்தல், விருப்பம், முன்னிலை வினா என்று நான்கு துண்டுகள். மறுத்து விடை சொல்ல, விருப்பத்தின்மேல் மறுப்பை வைத்துத் தீதொருஸுங்ஙிலங, 'குடிக்க விரும்பவில்லை', என்று முடிக்க வேண்டும். விருப்ப ஒட்டின் பகரத்தை மறுப்பு கடித்துவிட்டதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் பிளேன்டீ நீட்டுபவரிடம் இவ்விடையைச் சொல்வது அழகல்ல என்பது வேறு விடயம். தொழிலைச் சொல்ல, 'ஆக இரு' என்று பொருள்படும் -உ- ஒட்டு உதவும். இலின்னியர்- என்றால் கல். கற்கச் செய்பவர் இலின்னியர்தித்ஸிஸொக். 'நான் ஆசிரியர்' என்பது இலின்னியர்தித்ஸிஸூவுங.

இறுதியாக ஒரு நீண்ட சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அது வகுப்பறைக்கென்றே படைக்கப்பட்டது என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு: துஸாங்ஙித்ஸூஸார்துவான்னர்ஸின்னாங்ஙிவிப்புதித். கடைசியில் -புதித், 'நீ'. முதலில் துஸா-, 'கேள்'. நடுவில் -ங்ஙித்- மறுப்பு, -ஸூஸார்- பாசாங்கு, -துவான்னர்- எந்நேரமும், -ஸின்னா- முடிதல், -ங்ஙிவிப்- முற்றான மறுப்பு. 'கேட்காததுபோல் எந்நேரமும் பாசாங்கு செய்துகொண்டிருக்க உன்னால் முடியவே முடியாது.' முதல் மறுப்பு கேட்டலை மட்டும் மறுக்கிறது. இரண்டாவது மறுப்பு, தனக்கு இடப்பக்கம் உள்ள அனைத்தையும் சேர்த்து மறுக்கிறது. அந்த இரண்டாவது மறுப்பை மட்டும் உருவி எடுத்துவிட்டுச் சொல்லைத் திரும்பக் கட்டிப் பாருங்கள். முன்னால் இப்போது உயிர் நிற்பதால் விகுதி -வுதித் ஆகும்: துஸாங்ஙித்ஸூஸார்துவான்னர்ஸின்னாவுதித். 'கேட்காததுபோல் எந்நேரமும் பாசாங்கு செய்துகொண்டிருக்க உன்னால் முடியும்.' கடைசி வரிசை வாங்கில் இருப்பவர்கள் முதலில் மனனம் செய்வது இதைத்தான்.